கிப்லாவுக்கு நேராக

இப்திஹாலுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்பாள். அலெக்சாண்டிரியாவில் ஒரு மருத்துவமனையின் இதய அறுவைக் கூடத்தில் பதினோரு வருடமாக மிஷின் ஓட்டுகிறாள். டாக்டர் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் நோயாளியின் ரத்தத்தை ஓட வைப்பது அந்த மிஷின்தான். ஆனால் அவளுக்குப் பிரியமெல்லாம் அதன் மேலே இருந்த சின்னத் திரையின் மீது. நெற்றியில் ஒட்டும் இரண்டு பட்டைகள் உள்ளே வெளிச்சம் பாய்ச்சி, மூளைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு எண்களைக் காட்டும். குழாயில் தண்ணீர் வருவது வேறு, அது மாடி வீட்டுக்கு ஏறுவது வேறு என்பது அவள் கட்சி.

அன்றைய நோயாளி இன்ஸாஃப் அம்மாள். துறைமுகத்துப் பக்கம் மீன் பொரித்து விற்பவர். வாய்க்குப் பேர் போனவர். வால்வு மாற்ற வேண்டியிருந்தது.

"என்ன மகளே, நெத்தியில ஸ்டாம்பு ஒட்டுற? என்னைத் தபால்ல அனுப்பப் போறியா?"

"உங்க மூளைக்கு ரத்தம் போகுதான்னு பார்க்கம்மா."

"என் புருஷனுக்கு நாப்பது வருஷமா இருக்கற சந்தேகம் அது."

தானே சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "இதயத்தை நிறுத்திடுவீங்களாமே. நின்னா அது சாவுதானே?"

"இல்லம்மா, மிஷின் இருக்கு" என்று இப்திஹால் ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கேட்கவில்லை. தலைமாட்டில் நின்ற மித்வல்லியின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கிசுகிசுத்தார். மித்வல்லி மயக்க மருத்துவரின் உதவியாளர், யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். "என் ரெண்டு கண்ணு மேல" என்று இமையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"என்னவாம் அண்ணே?"

"அது எங்களுக்குள்ள."

இதயத்தை நிறுத்திப் பத்து நிமிடம் இருக்கும். வலப்பக்கத்து எண் இறங்க ஆரம்பித்தது. அறுபத்தெட்டு, அறுபத்தொன்று, ஐம்பத்தைந்து. இடப்பக்கம் அசையவில்லை. இப்திஹால் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், குழாய்களைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

"டாக்டர், வலப்பக்கம் விழுது."

அறுவை செய்துகொண்டிருந்த டாக்டர் ஷௌகத் நிமிரவில்லை. "மருதாணியா இருக்கும். தலைமுடிக்குப் போட்டது நெத்தியெல்லாம் வழிஞ்சிருக்கு. போன மாசம் ஒரு அம்மா இதே மாதிரிதானே நம்மளை ஏமாத்தினாங்க?"

அது உண்மைதான். மருதாணிக் கறை வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, பட்டையைப் பொய் சொல்ல வைக்கும்.

"மருதாணி காலையிலயும் இருந்துச்சே டாக்டர். அப்ப அறுபத்தெட்டு. இப்ப எப்படிப் புதுசா சிவக்கும்?"

"உன் 'ஏன்' 'எப்படி'யெல்லாம் வெளியில வச்சுக்கோ. பாதித் தையல்ல இருக்கேன்."

ஐம்பத்திரண்டு.  இப்படியே போனால் வால்வு புதுசாக இருக்கும், அந்த வாய் திரும்பி வராது. அதை நினைக்கவே இப்திஹாலுக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவும் வழியில்லை. மிஷினை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. நடுவில் கட்டியிருந்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்தான் அந்த அம்மாளின் முகம். மயக்க மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். அங்கே மித்வல்லி மட்டும்தான்.

"அண்ணே, தலை நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தாள். எண் மசியவில்லை. நாற்பத்தொன்பது. இவ்வளவு சட்டென்று, குனிந்துகூடப் பார்க்காமல், ஏன் பதில் சொன்னார்?

"எதுக்கு நேரா அண்ணே?"

 "கிப்லாவுக்கு" என்றார் மித்வல்லி.

டாக்டரின் ஊசி நின்றது. உயிர் பிரியும்போது முகம் மக்காவின் திசையைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கூடத்தில் மக்கா வலப்பக்கச் சுவருக்கு அப்பால் இருந்தது.

"இதயம் நின்ன உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னாங்க. சத்தியம் பண்ணிட்டேன். மயக்க டாக்டர் வெளியில போனதும் மெதுவாத்தான் திருப்பினேன்."

"கழுத்து முறுக்கி ரத்தக் குழாய் நசுங்குது அண்ணே, ரத்தம் தேங்குது. நிமித்துங்க. அவங்க சாகலை. நான் ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

துணிக்கு அடியில் மித்வல்லியின் கைகள் தலையை நிமிர்த்துவது தெரிந்தது. நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பது. ஐம்பத்து நான்கு. அறுபத்தொன்று. அறுபத்தேழு.

"மருதாணி வெளுத்துடுச்சு போல" என்றார் டாக்டர் ஷௌகத். அவரிடமிருந்து மன்னிப்பு இந்த அளவுக்குத்தான் வரும்.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்ஸாஃப் அம்மாள் கண் விழித்திருந்தார். தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். பட்டைகள் இன்னும் நெற்றியில் இருந்தன. இப்திஹாலுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மித்வல்லியை அவர் கண் தேடிப் பிடித்தது.

"திருப்பினியா?" கரகரத்த குரல்.

மித்வல்லி தலையைக் குனிந்துகொண்டார். இப்திஹால்தான் சொன்னாள். "திருப்பினார்மா. நாங்கதான் மறுபடி நிமித்திட்டோம்."

"ஏன்?"

அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"நீங்க போகலையேம்மா. இங்கதான் இருந்தீங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அந்த அம்மாள் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப இந்த ஸ்டாம்பைப் பிச்சு எறிங்க. தபால்தான் போகலையே."

மித்வல்லிதான் பிய்த்தார். தலை கொஞ்சமும் திரும்பிவிடாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.