பூட்டியதற்கான காரணம்

சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் முன்பெல்லாம் கதவை அறைந்து சாத்துவார். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் லாகினைப் பூட்டுகிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பூட்டியது சொந்த அண்ணன் மகளின் லாகினை.

சித்தப்பா பஸ் கம்பெனி முதலாளி. அவள் அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள். சர்வருக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பது அவள் பொறுப்பு என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர் சாவிக்காரி. அன்றைக்கு மெக்கானிக், நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு 'பிரேக் சரியில்லை' என்று பதிந்திருந்தார். அப்படிப் பதிந்த பஸ்ஸை சர்வர் யாருக்கும் ஒதுக்காது. மறுநாள் மதியம் அதே பஸ்ஸில் ஒரு சுற்றுலாக் கூட்டம் மலைக்குப் போக வேண்டும்.

"சரியில்லைங்கிறதை சரின்னு மாத்து. ஒரு வார்த்தைதானே."

"மாட்டேன் சித்தப்பா."

"ஆபீஸ்ல நான் சித்தப்பா இல்லை."

"அப்ப மாட்டேன் சார்."

வந்ததே கோபம். வேலையை விட்டுப் போகிறவர்களின் லாகினைப் பூட்டுவதற்காக அவளே செய்து கொடுத்திருந்த பக்கத்தைத் திறந்தார். 'காரணம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு 'பூட்டு' என்பதை அழுத்தினார். மெக்கானிக்கை விட்டால் அதை மாற்றக்கூடிய ஒரே கையைப் பூட்டிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, திறக்கிறேன்" என்றார்.

எழுதுவாளா அவள்? புதன்கிழமை சரியான நேரத்துக்கு வந்து, கேன்டீனில் டீயோடு உட்கார்ந்தாள். உள்ளுக்குள் பயம்தான். அப்பா தம்பி பக்கம் நிற்பார், வேலையும் போகும். போனால் போகட்டும். அந்த பஸ் ஆட்களோடு மலை இறங்குவதை நினைத்தபோது மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது.

தினமும் ஒரு மணிக்கு அச்சாகிற டிரைவர்களின் டியூட்டி சீட்டு அன்றைக்கு அச்சாகவில்லை. தானாக ஓடுகிற அந்த வேலை அவள் லாகினில் ஓடிக்கொண்டிருந்தது. இது அவள் தப்புதான். தனி லாகினுக்கு மாற்றுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சோம்பேறித்தனம், வேறென்ன.

டிரைவர்கள் ஆபீஸ் ஜன்னலை மொய்த்தார்கள். எந்த பஸ் யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா கேன்டீனுக்கே வந்தார்.

"வாம்மா. நான் திறக்கிறேன், நீ வந்து புது பாஸ்வேர்டு போடு, அப்பத்தான் அது ஓடுமாம்."

"கடிதம்?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் எழுந்து அவரோடு ஆபீஸுக்குப் போனாள். பூட்டும்போது வெறுமையாக விட்ட காரணத்தை எழுதாமல் லாகின் திறக்கவில்லை. அவர் 'பாதுகாப்பு' என்று தட்டினார்.

"அது பொய். நிஜத்தை எழுதுங்க, பாஸ்வேர்டு போடறேன்."

"உங்கப்பாகிட்ட சொல்றேன் பார்."

"சொல்லுங்க. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் ஹார்ன் அடித்தான். சித்தப்பா ஒன்றரை மணியைக் காட்டிய கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவள் மசியமாட்டாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒற்றை விரலால் தட்டினார்: '41 பிரேக் சரியில்லை. சரி என்று மாற்றச் சொன்னேன். மறுத்தாள். அதனால் பூட்டினேன்.'

அவள் பாஸ்வேர்டு போட்டாள். பிரிண்டர் ஓடியது. ஒவ்வொருவராகச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் நாற்பத்தொன்றின் டிரைவர் மட்டும் நின்றார்.

"அம்மா, சீட்டுல என் பஸ்ஸைக் காணோமே. மலைக்குப் போகணும்னாங்க."

அவள் காரணம் தெரிந்த திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவர் உதடு அசையப் படித்தார். படித்து முடித்ததும் பஸ் சாவியை எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தார்.

"எனக்கு மூணு பிள்ளைங்க சார். மெக்கானிக் சரின்னு எழுதற வரைக்கும் நான் எடுக்க மாட்டேன். வேற யாரையும் எடுக்கவும் விடமாட்டேன்."

டிரைவர் போன பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காரணத்தை அழிச்சிடும்மா."

"உங்க லாகின்ல எழுதினது. என்னால அழிக்க முடியாது."

"நான் எப்படி அழிக்கிறது? உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சித்தப்பா. சொல்லித் தர மாட்டேன்."