குறை சொன்னவர் பொறுப்பு

குழாய்க்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் குன்றின் மேலேயும் கீழேயும் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். ஒருநாள் காலையில் இரண்டு குடம் தண்ணீரோடு இருநூற்றுப் பதினான்கு படி ஏறி வந்தாள். குடங்களைச் சமையலறையில் இறக்கி வைத்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே சாவதானமாகச் சொன்னாள்:

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்தச் சமையலறையில குழாயத் திறந்தா தண்ணி வருதுன்னு சேதி வரட்டும். அன்னிக்கே வந்துடறேன்."

"அது எப்ப வரும்னு எப்படிச் சொல்றது?"

"ஊருக்கெல்லாம் குழாய் போடறது நீங்க. என்னைக் கேட்டா?"

அண்ணன் வீடு அடிவாரத்தில், கிணற்றுக்கு எதிரே இருந்தது. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மூடினாலும் கொஞ்சம் வரும். எட்டு மாதமாகக் குழாய்க்காரர் வேலை முடிந்ததும் மச்சான் வீட்டுக்குப் போய், மனைவி கையால் சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு, குன்றின் உச்சியில் இருக்கும் தன் வீட்டுக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு ஏறினால் படிகள் இருநூற்றுப் பதினான்கு. சாப்பிட்டுவிட்டு ஏறினால் முந்நூற்றுக்குக் குறையாது. பலமுறை எண்ணிப் பார்த்த கணக்கு.

"மாப்ள, இங்கயே படுத்துக்கிட்டா கால் தேயாதே" என்பார் மச்சான்.

"சட்டம் இருக்கே மச்சான்."

சட்டம் இருந்தது உண்மைதான். எப்போதோ யாரோ ஒருவர், "இந்தக் குன்றுக்கு ஒரு சட்டம் உண்டா, திட்டம் உண்டா" என்று அலுத்துக்கொண்டாராம். சட்டம் போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். மனிதர் மூன்று நாள் யோசித்து ஒரே ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். குறை சொன்னவரே பொறுப்பு. எதைக் குறை சொல்கிறாரோ அதைச் சரிசெய்யும்வரை அது அவர் தலையில். சரியாகும்வரை அந்தக் குறையோடுதான் அவர் குடியிருக்க வேண்டும். தண்ணீருக்குப் பொறுப்பானவர் தண்ணீர் ஏறாத வீட்டில்தான் தூங்கலாம்.

இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டே குன்றுவாசிகள் படி கட்டினார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள், சாக்கடையை மூடினார்கள். கூடவே நாக்கையும் பழக்கிக்கொண்டார்கள். படி உடைந்திருந்தால், "இந்தப் படி கொஞ்சம் ஓய்வெடுக்குது" என்பார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால், "இன்னிக்கு நட்சத்திரம் நல்லாத் தெரியுது" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பதினோரு வருடம் முன்னால் ஒரு விருந்தில் கை கழுவப் போன குழாய்க்காரர்தான், "என்ன இது, தண்ணியே வரலையே" என்று வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்டார். அன்றுமுதல் குன்றின் தண்ணீர் அவர் பொறுப்பு. பொறுப்பேற்றபோது கையில் இன்னும் விருந்து எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையின் பெயர் யானை.

யானை என்பது படிகளின் பாதி வழியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. முன்பு ஒருகாலத்தில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்து, பெரிய தொட்டியும் பெரிய மோட்டாரும் தருகிறோம் என்றது. அந்தப் பகுதி மின்சாரத்தின் வலு எல்லோருக்கும் தெரியும். சின்ன மோட்டாரைக் கெஞ்சி ஓட வைக்கும், பெரிய மோட்டாரைப் பார்த்தால் கும்பிட்டு ஒதுங்கிவிடும். ஆனால் அதைச் சொன்னால் தொட்டி சொன்னவர் தலையில் விழுமே. ஒருவரும் வாய் திறக்கவில்லை, கைதட்டினார்கள். தொட்டி எழும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சலூன்காரர் அதில் ஒரு வாசலை வெட்டி, உள்ளே நாற்காலியும் கண்ணாடியும் போட்டுக் கடை திறந்தார். உள்ளே எதிரொலி பலமாக இருக்கும். திங்கட்கிழமை தும்மினால் செவ்வாய்க்கிழமைதான் அடங்கும் என்பார். அதனால் சளி பிடித்தவர்களுக்கு அவர் சவரம் செய்வதில்லை.

இந்த முறை அப்படி ஏமாறக் கூடாது என்று குழாய்க்காரர் தாமே திட்டம் போட்டார். எழுபது படிக்கு ஒரு சின்னத் தொட்டி, ஒரு சின்ன மோட்டார். கிணற்று மோட்டார் கீழ்த்தொட்டிக்குத் தள்ளும், கீழ்த்தொட்டி நடுத்தொட்டிக்குத் தள்ளும், நடுத்தொட்டி மேல்தொட்டிக்குத் தள்ளும். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். குன்றே சேர்ந்து குழாய்க்குப் பள்ளம் தோண்டியது. மூன்று தொட்டியையும் கொத்தனார்கள் கட்டிவிட்டார்கள். குன்றின் தலைவியான தையல்காரம்மா ஐந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்: "எங்களிடம் திட்டம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, தோண்டிய பள்ளமும் கட்டிய தொட்டியும் இருக்கின்றன. குழாயும் மூன்று சின்ன மோட்டாரும் இல்லை. இருந்தால் அனுப்பவும். யோசனை அனுப்ப வேண்டாம். கைவசம் நிறைய உள்ளது."

நான்கு நிறுவனங்கள் பதில் போடவில்லை. ஐந்தாவது நிறுவனம் ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் கையில் ஒரு யோசனை இருந்தது.

அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்ததால் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வந்தது. நல்ல மனிதர். பாஷையைப் புத்தகத்தில் படித்தவர். படியில் எதிர்ப்பட்ட ஆட்டிடம்கூட, "தயைகூர்ந்து வழிவிடுக" என்றார். ஆடு வழிவிட்டது.

எல்லோரும் உட்கார யானையை விட்டால் வேறு இடமில்லை. சலூன்காரர் நாற்காலியில் கோட்டுக்காரர் உட்கார்ந்து, மடியில் படத்தை விரித்தார். உச்சியில் ஒரு தொட்டி. யானையைப் போல இரண்டு மடங்கு.

"ஆறே வாரங்களில் கட்டி முடித்து விடலாம்" என்றார். முடித்து விடலாம், விடலாம், விடலாம் என்றது யானை.

இருமல் வந்தவர்கள்கூட வெளியே போய் இருமினார்கள். குழாய்க்காரர் கணக்குப் போட்டார். ஆறு வாரம். கை தட்டினால் போதும், தொட்டி வந்துவிடும். சேதி சொல்லி அனுப்பலாம். மனைவி அத்தனை படியும் ஏறி வந்து குழாயைத் திறப்பாள். குழாய் 'உஸ்' என்று காற்று விடும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்; இரண்டாம் முறை ஏறவும் மாட்டாள். சரி, இது ஓடாது என்று எழுந்து சொன்னாலோ, அந்தப் பெரிய தொட்டியைக் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

தையல்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். நாலு பேர் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் குழாய்க்காரர் இடுப்பில் செருகியிருந்த நாட்காட்டித் தாளை எடுத்தார்.

"சார் படம் ரொம்ப அழகா இருக்கு. நாங்களும் ஒண்ணு கிறுக்கி வச்சிருக்கோம். படிச்சவங்க பாத்து, இதுல ஏதாவது குறை இருந்தா சொல்லணும்."

வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருந்த சலூன்காரரின் கத்தரி நின்றது. குன்றின் வரலாற்றில் ஒருவர் இன்னொருவரைக் குறை சொல்லச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை. தையல்காரம்மா சத்தமில்லாமல் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

கோட்டுக்காரர் ஆர்வமாகப் பார்த்தார். "நன்று. மிக நன்று. எனினும் ஒரு குறை உண்டு. மூன்று மோட்டார்களையும் உரிய நேரத்தில் நிறுத்துவது யார்? தொட்டி நிரம்பியதை அறிவது எங்ஙனம்?"

"எழுதியாச்சு" என்றார் தையல்காரம்மா.

"எதனை?"

"உங்க பேரை. குறை சொன்னவர்தான் பொறுப்பு. தண்ணி இனிமே உங்களுது."

"அம்மையீர், நான் கருத்து மட்டுமே தெரிவித்தேன்."

"கருத்துதான் சார் இங்க பெரிய குறை. சின்னக் குறைக்கெல்லாம் நாங்க வாயே திறக்கறதில்ல."

குழாய்க்காரர் தன் ஸ்பேனரைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். பதினோரு வருடத்தில் அவர் இடுப்பு முதன்முறையாக நேராக நின்றது.

கோட்டுக்காரர் வெள்ளிக்கிழமை ஊர் திரும்ப வேண்டியவர், அன்று திங்கள். சட்டப்படி அவர் ஜாகை குழாய்க்காரர் வீட்டுக்கு மாறியது. மறுநாள் காலையில் இரண்டு குடங்களோடு அடிவாரக் கிணற்றுக்கு வந்தார். எதிர்வீட்டு வாசலில் குழாய்க்காரரின் மனைவி நின்றிருந்தாள்.

"சார், அந்தக் குடம் என்னோடது. நெளியாம திரும்பி வரணும்" என்றாள்.

முதல் நாள் கோட்டைக் கழற்றினார். இரண்டாம் நாள் அடிவாரத்தில் துருப்பிடித்துக் கிடந்த யானையின் பெரிய மோட்டாருக்குத் தாமே எண்ணெய் போட்டு, மின்சாரம் கொடுத்தார். மேடையில் பேசக் கூப்பிட்ட கூச்சக்காரன் மாதிரி அது ஒருமுறை கனைத்தது, பிறகு உட்கார்ந்துவிட்டது. குன்றில் எரிந்த விளக்கெல்லாம் மங்கின. ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது.

"இதனை ஏன் எவரும் என்னிடம் கூறவில்லை?" என்று கேட்டார்.

"சொன்னா மோட்டார் எங்களுதாயிடுமே சார்" என்றார் மச்சான்.

கோட்டுக்காரர் தன் படத்தை மடித்துத் தலையில் வைத்து, அதன்மேலேயே குடத்தை ஏற்றினார். சும்மாடுக்குச் சரியாக இருந்தது. மூன்றாம் நாள், தொட்டிக்குள் மிதக்க ஒரு காலி டப்பா, அதிலிருந்து வெளியே தொங்கும் கயிறு, கயிற்று முனையில் ஒரு சிவப்பு மூடி என்று செய்து காட்டினார். உள்ளே தண்ணீர் ஏற ஏற வெளியே மூடி இறங்கும். தரையைத் தொட்டால் தொட்டி நிரம்பியது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினால் போதும். நடுத்தொட்டி மூடியைச் சலூன்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளருக்கு முடி வெட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாமாம்.

வெள்ளிக்கிழமை யானைக்குள் எல்லோரும் கூடியிருக்க, கோட்டுக்காரர் தன் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். மேலதிகாரி அவர் பாஷையில் நீளமாகப் பேசினார். யானை அதை மூன்று முறை திருப்பிச் சொன்னது. குழாய்க்காரர் தொலைபேசிக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றார். அந்தக் குரல் முடியாது என்றால், மனைவி கேட்ட சேதி எந்தக் காலத்திலும் போகப்போவதில்லை.

"என்ன சொல்றாரு?" என்றார் தையல்காரம்மா.

"'பயனாளிகள் வகுத்த திட்டத்தை நாம் ஏற்பது நமது நடைமுறை அன்று, அந்த ஊரின் முறையே சரியில்லை' என்கிறார்."

"குறை சொல்றாரா?"

கோட்டுக்காரர் தொலைபேசியைப் பார்த்தார், குழாய்க்காரரைப் பார்த்தார், தன் உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஆம். ஐயமின்றிக் குறைதான் சொல்கிறார்."

தையல்காரம்மா எழுதிக்கொண்டார். எழுதியது என்ன, அதன் பொருள் என்ன, இனி மேலதிகாரி எந்த வீட்டில் வந்து தூங்க வேண்டும் என்பதையெல்லாம் கோட்டுக்காரர் பொறுமையாக விளக்கினார். மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. யானைக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது. சலூன்காரரைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைவரை அது தீரவில்லை, இரண்டு பேருக்குக் காதில் வெட்டு விழுந்தது என்பார்.

தூங்க வருவதற்குப் பதிலாக மேலதிகாரி அனுப்பிய குழாயும் மூன்று மோட்டாரும் ஐந்தாவது வாரம் லாரியில் வந்தன. கேட்டது அத்தனையும் இருந்தது. கேட்காதது எதுவும் இல்லை. இப்போது கடலுக்கு அந்தப்புறம் இன்னொரு குன்றிலிருந்து நாட்காட்டித் தாளின் நகல் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அது பிற்பாடு நடந்தது.

ஊருக்குப் புறப்படுகையில் கோட்டுக்காரர் ஸ்பேனரைக் குழாய்க்காரரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். மனம் ஒப்பி வாங்கிக்கொண்டால் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. குழாய்க்காரர் ஒப்பித்தான் வாங்கினார். இன்னும் ஒரு குழாய் அவர் கையால் மாட்டப்பட வேண்டியிருந்தது.

எட்டாவது வாரம் சேதி போனது. சொன்ன வாக்குப்படி மனைவி அன்றே படி ஏறினாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மச்சான் பின்னால் வந்தார், எழுபது படிக்கொருமுறை சிவப்பு மூடியைப் பார்க்கிற சாக்கில் நின்று நின்று. குன்றில் பாதிப் பேர் குழாய்க்காரர் வீட்டு ஜன்னலில் இருந்தார்கள். மீதிப் பேர் அவர்கள் தோளில் இருந்தார்கள்.

அவள் சமையலறைக்குப் போய் நெளியாமல் வந்து சேர்ந்த குடத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள். முதலில் காற்று வந்தது. குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து ஒரு விக்கல். அதற்கப்புறம் தண்ணீர், விரல் பருமனில், பளிச்சென்று.

அவள் கை கழுவினாள், முகம் கழுவினாள், ஈரக் கையை முழங்காலில் ஒற்றிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் நிதானமாகச் சொன்னாள்:

"என்ன இது, இவ்வளவு மெதுவா வருது?"

தையல்காரம்மா நோட்டைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாடி, தெரிஞ்சுதான் பேசறியா?" என்றார் மச்சான்.

"எழுதச் சொல்லுங்கண்ணே. பதினோரு வருஷம் இவர்தான் பொறுப்பு, எங்க வீட்டுக்குத்தான் கடைசியா வந்திருக்கு. இனி நான் பாத்துக்கறேன்." பிறகு கணவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஸ்பேனர்."

கொடுத்தார். அவள் முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து வால்வை ஒரு சுற்றுத் திருகினாள். தண்ணீர் கொஞ்சம் தடித்தது. ஜன்னலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அன்று சாயங்காலம் குழாய்க்காரர் தன் வீட்டு வாசலில், எங்கேயும் ஏறிப்போக வேண்டியில்லாத மனிதராக உட்கார்ந்திருந்தார். மனைவி உள்ளே குழாய்த் தண்ணீரில் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

சர்க்கரை போட மறந்திருந்தாள். குழாய்க்காரர் இன்னொரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.