இது பில் அல்ல

…அவர் கையெழுத்தேதான், சந்தேகமே வேண்டாம், கடைசி எழுத்துக்குக் கீழே இழுக்கிற அந்த வால் உலகத்தில் வேறு யாருக்கும் வராது, ஆனால் இதில் போய் எப்படிப் போட்டார், இவ்வளவு பார்க்கிற மனுஷன் இதில் போய் எப்படி… என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள், மறுபடி எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ‘கட்ட வேண்டியவை’ என்று அவள் கணவர் எழுதி ஒட்டிய தட்டில், கரண்ட் பில்லுக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவே சாதுவாகப் படுத்திருந்தது. கடையின் வெப்சைட் பெயர் காலாவதியாகப் போகிறதாம், உடனே புதுப்பிக்காவிட்டால் பெயர் கைவிட்டுப் போய்விடுமாம், வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அவர்கள் பொறுப்பில்லையாம். தடித்த எழுத்தில் கடையின் இணைய முகவரி, சிவப்புக் கட்டத்துக்குள் தேதி, அடியில் கிழித்து அனுப்ப ஒரு துண்டு, பார்த்தால் அசல் பில் தோற்றுப்போகும். முதலில் அவளும் நம்பத்தான் செய்தாள், பின்னே, பாதி வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைத் தட்டித்தானே கடைக்கு வந்து சேருகிறார்கள்… துண்டை அவர் முழுக்க நிரப்பி, உறைக்குள் வைக்கிற மாதிரி அளவாக மடித்தும் விட்டிருந்தார். நல்லவேளை, ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குக் கண்ணாடி கொடுக்கப் போகிற அவசரத்தில் அதை எடுத்துப்போக மறந்துவிட்டார், போகிற வழியில் தபால் பெட்டி இருக்கிறது, போட்டிருந்தால் போட்டதுதான்.

வேலைப் பழக்கம், எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அவள் கண் ஆகச் சிறிய எழுத்தைத்தான் முதலில் தேடும். தேடியது, கிடைத்தது, அடியில் வெள்ளைக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரே வரி, இது பில் அல்ல, எங்கள் கம்பெனிக்கு மாறிக்கொள்ள ஓர் அழைப்பு மட்டுமே, பணம் கட்டும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அடப்பாவிகளா! கட்டாயம் இல்லையென்றால் எதற்கடா சிவப்புக் கட்டம்? கழுத்தில் கத்தியை வைத்துவிட்டுக் காதோடு காதாக, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்கிற மாதிரியல்லவா இருக்கிறது… இந்த வரி அவர் கண்ணில் படவில்லையா? எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவர் ஆயிற்றே. கடை வாடகைப் பத்திரத்தைக் கட்டடச் சொந்தக்காரர் கொட்டாவி விட விட முழுக்க வாய்விட்டுப் படித்தவர், ஷாம்பூ பாட்டில் முதுகில் இருப்பதைக்கூட விடாதவர், பக்கத்துச் சாவிக்கடைக்காரன் அவருக்கு வைத்த பெயரே பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி சார் வந்தாச்சு, இனி ஒரு ஈ தப்பாதுடா சாமி, என்று காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கிண்டல் ஆரம்பித்துவிடும், அவரும் அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப்போவார்.

எதற்கும் இருக்கட்டும் என்று வெப்சைட் செய்துகொடுத்த பெண்ணுக்கு போன் போட்டாள். “ஐயோ அக்கா, கட்டிடாதீங்க, அது பில்லே இல்ல,” என்று அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள், படம் எடுத்து அனுப்பக்கூட விடவில்லை, அவள் வெப்சைட் செய்துகொடுத்த அத்தனை பேருக்கும் வந்துகொண்டிருக்கிறதாம், பல் டாக்டருக்கு, நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவருக்கு, செருப்புக் கம்பெனிக்கு, எல்லாம் ஒரே அச்சு. பெயரை எந்தக் கம்பெனியில் வாங்கினோமோ அவர்கள் மட்டும்தான் புதுப்பிக்கப் பணம் கேட்க முடியும், மற்றவன் எவன் கேட்டாலும் அவனுக்கு நம்மை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம், அதுவும் பல மடங்கு விலைக்கு. தேதியில் சந்தேகம் வந்தால் காகிதத்தைப் பார்க்கக் கூடாது, வாங்கின இடத்தில் நாமே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தானாகவே புதுப்பித்துக்கொள்கிற மாதிரி அந்தப் பெண்ணே போட்டு வைத்திருக்கிறாள், வேறு கம்பெனிக்கு நகராதபடி பூட்டும் போட்டிருக்கிறாள். “பூட்டு இருக்கறதாலதான் அக்கா போன வருஷம் தப்பிச்சோம்,” என்றாள்.

போன வருஷமா? என்ன போன வருஷம்? “இல்லக்கா… சார் சொல்ல வேண்டாம்னாரு…” அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. போன வருஷமும் இதே காகிதம் வந்திருக்கிறது, அவர் கட்டியிருக்கிறார், பெயரை நகர்த்த எவனோ முயல்கிறான் என்று அந்தப் பெண்ணுக்குத் தகவல் வந்து, பூட்டு இருந்ததால் அது நின்றுபோய், அவளே கடைக்கு வந்து அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாள், சார், அடுத்த தடவை கட்டறதுக்கு முன்னாடி அடியில அந்தக் குட்டி வரி இருக்கான்னு மட்டும் பாருங்க சார். தலையை ஆட்டினாராம். அக்காகிட்ட சொல்லிடாதம்மா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா, என்று சிரித்தாராம். நான் சொல்லிக் காட்டுவேனா… சரி, காட்டுவேன்தான், அது வேறு விஷயம்.

போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. ஒரு தடவை ஏமாறுவது யாருக்கும் நடக்கும், அதுவும் இவரை மாதிரி ஆளுக்குத்தான் நடக்கும். சோம்பேறி என்றால் காகிதத்தை மூலையில் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவான், வந்த பில்லை அன்றைக்கே கட்டாவிட்டால் சோறு இறங்காதவன்தான் இதில் விழுவான். வெப்சைட் பெயர்களின் பொதுப் பதிவேட்டில் கடை முகவரியை மறைத்துவிடலாம் சார், இந்தத் தொல்லையே வராது, என்று அந்தப் பெண் ஆரம்பத்தில் சொன்னதற்கு, மறைக்க நாம என்ன திருடங்களா என்று மார்தட்டியவர், அப்படித்தான் முகவரி ஊருக்கெல்லாம் போயிற்று. அதெல்லாம் சரி. ஆனால் சொல்லிக்கொடுத்த பிறகு, இன்ன இடத்தில் இன்ன வரியைப் பார் என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு, இரண்டாவது தடவை? மறதியா? கடவுளே, அந்த மாதிரி மறதியா, சட்டைப் பொத்தானைப் போடுவது எப்படி என்று யோசித்து நிற்பார்களே, அந்த மாதிரியா… சே, நேற்றுகூடச் சாவிக்கடைக்காரனின் பேத்திக்குப் பிறந்தநாள் என்று நினைவுபடுத்தினவர் அவர்தான். மறதி இல்லை. பின்னே வேண்டுமென்றா? என்னிடம் எதையோ மறைக்கிறார் என்பது மட்டும் நிச்சயம், ஒன்றை மறைத்தவர் ஒன்பதை மறைக்க மாட்டாரா…

கோபத்தில் துடைக்கிற துணியை எடுத்து ஃபிரேம்களைத் துடைக்க ஆரம்பித்தாள், அவளுக்குக் கோபம் வந்தால் கடை பளபளக்கும். இந்தக் கடையில் தான் ஒருத்தி எதற்கு இருக்கிறோம், எதைச் சொன்னால் இவர் காதில் விழுகிறது, எது கண்ணில் படுகிறது… போன வாரம் பரிசோதனை அறையில் பழைய எழுத்து சார்ட் பழுப்பேறிப் போயிற்று என்று, லென்ஸ் கம்பெனிக்காரர் கொடுத்த புதியதை மாட்டினாளே, வெள்ளை வெளேரென்று, கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று சொல்லாமல் இருந்தாளே, ஒரு வார்த்தை கேட்டாரா? தினமும் அவர்தான் அதைத் துடைக்கிறார். வீட்டில் திரைச்சீலை மாற்றினாலும் இதே கதைதான், ஆண்களுக்குச் சொன்னால்தான் தெரியும். சார்ட்டைத் துடைத்துக்கொண்டே அதன் கடைசி வரியைப் பாட்டு மாதிரி முணுமுணுப்பார், ப ட ம, க ல ச, ப ட ம, க ல ச, மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அதைச் சொல்லித்தான் தூங்க வைப்பார். மகள் இப்போது தூரதேசத்தில், செய்தி அனுப்பினால் போனை இவளிடம் நீட்டுவார், “நீ படி, நீ படிச்சாதான் அவளே பேசற மாதிரி இருக்கு.” அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் உருகிப்போய் இவளும் மகள் குரலிலேயே படித்துக் காட்டுவாள்…

துணி நின்றது. கையில் இருந்த ஃபிரேமின் திருகைப் பார்த்தாள், எள்ளில் பாதிகூட இருக்காது. முன்பெல்லாம் இதைப் போடுவது அவர் வேலை, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே திருப்பில் போடுவார். எப்போதிலிருந்து இவளிடம் வந்தது? உன் கைப்பதம் வேற, நீயே போடு, என்றாரே, பாராட்டு என்றல்லவா எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் கார் சாவியைத் தொடுவதில்லை, கேட்டால் நடந்தால் உடம்புக்கு நல்லது என்கிறார். ஓட்டலில் மெனுவை வாங்கி அப்படியே இவள் பக்கம் தள்ளுகிறார், உனக்குப் பிடிச்சதையே சொல்லு. காலையில் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது, இப்பல்லாம் என்ன செய்தி வருது, எல்லாம் குப்பை… பகீரென்றது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள், வீட்டு மனுஷனை ஒரு தடவை முறையாக டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாளா? வருஷத்துக்கு ஒரு தரம் நாற்காலியில் உட்கார வைத்து, பேருக்குக் கடைசி வரியைக் கேட்பாள், அவர் கடகடவென்று ஒப்பிப்பார், கழுகுக் கண்ணு என்று இவள் தோளில் தட்டுவாள், தீர்ந்தது பரிசோதனை.

வாசலில் கால் துடைக்கிற சத்தம். “சாவிக்கடைக்காரன் இன்னிக்கு என்னைப் பாத்து ஒண்ணுமே சொல்லல, உடம்பு சரியில்லயோ என்னவோ,” என்றபடி அவர் உள்ளே வந்தார், பையை வைத்துவிட்டு மேஜைமேல் தடவினார். “இங்க ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருந்தேனே?”

“பாத்தேன். அப்புறம் பேசலாம். வாங்க, இப்படி உக்காருங்க, கண்ணு பாத்துடலாம்.”

“இப்பவா? கடை நேரத்துலயா? எனக்கென்னடி கேடு, கழுகுக் கண்ணு.”

“யாரும் இல்லயே. உக்காருங்க.”

உட்கார்ந்தார், நல்ல பிள்ளையாகக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அவள் சொல்லாமலே இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சார்ட்டின் விளக்கைப் போட்டாள், அவருக்கு நேராக, சார்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள், எப்போதும் அப்படித்தான் நிற்பாள். கடைசி வரி, என்றாள். ப, ட, ம, க, ல, ச. தயக்கமே இல்லை, அதே ராகம்கூட. அப்பாடா… நெஞ்சில் இருந்த கல் இறங்கியது, தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது, நான்தான் கண்டதையும் யோசித்து… அப்படியானால் அந்தச் சாம்பல் வரியும் தெரிந்திருக்கிறது, தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இருக்கட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன், என்று விளக்கை அணைக்கத் திரும்பினாள்.

வெள்ளை வெளேரென்ற புது சார்ட். உச்சியில் அதே பெரிய அ. அடியில், கடைசி வரியில், ன, வ, ய, ர, த, ந.

விளக்கின்மேல் விரல் அப்படியே நின்றது. எத்தனை வருஷமாக அவர் பார்க்காமல் சொல்லியிருக்கிறார், எத்தனை வருஷமாக இவளும் பார்க்காமல் சரி போட்டிருக்கிறாள்? இப்போது பின்னாலிருந்து அந்தச் சரிக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. மெதுவாகக் கையை இறக்குகிற சத்தம், நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது.

“எப்ப மாத்தின?” என்று கேட்டார்.

போன வாரம், என்று சொன்னாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கண்புரையாகத்தான் இருக்கும், புரை என்றால் எடுத்துவிடலாம், விழித்திரை என்றால்… முதலில் பார்ப்போம், இன்றைக்கே டாக்டரிடம் போவோம், அந்தப் பெண்ணிடம் சொல்லி பதிவேட்டில் முகவரியை மறைக்கச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்ட துண்டைக் கிழிக்க வேண்டும். எல்லாம் செய்துவிடலாம். நீ படித்தால்தான் மகளே பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாரே, அது மட்டுமாவது நிஜம்தானா… அதைக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்கவில்லை, இழுப்பறையைத் திறந்து டார்ச்சைத் தேடினாள்.