விழும்போது தள்ளு

1994 மழைக்காலத்தில், ஆனேக்கல் பக்கம் சூரியகாந்திக்கு மருந்து தெளிக்கும்போது, லாயிட் விமானத்தோடு ஏரியில் விழுந்தான். வயல் முடிவில் இறுக்கமாகத் திரும்பினான். வேகம் குறைந்தது. இறக்கையைக் காற்று தாங்கவில்லை. அப்போது பிழைக்க ஒரே வழி, முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் பிடியை முன்னால் தள்ளி விமானத்தின் மூக்கைத் தரையை நோக்கி இறக்குவது. அவன் கை பின்னால் இழுத்தது. விழுந்தது தண்ணீரில் என்பதால் கால் முறிந்ததோடு போயிற்று.

கால் கூடியது. கம்பெனி ஒரே ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. தேறாவிட்டால் இனிப் பறக்க முடியாது.

மனைவி ஜூலியா அவன் கையைப் பழக்கினாள். ஆஸ்டின் டவுன் வீட்டில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால்களுக்கு நடுவே துடைப்பக்கட்டையை நிறுத்தினாள். நினைத்தபோது "விழுது" என்பாள். அவன் முன்னால் தள்ள வேண்டும். பிறகு கட்டை இல்லாமலும் சொன்னாள். சாப்பிடும்போது, சவரம் செய்யும்போது. ஒரு ஞாயிறு கோயிலில் யாரோ மெழுகுவத்தி விழுது என்றார்கள். லாயிட் முன்னால் முழந்தாளிட்டிருந்தவரைத் தள்ளிவிட்டான். அவர் ஜூலியாவின் அப்பா மதலைமுத்து. ஈஸ்டர் வரைக்கும் பேசவில்லை.

சோதனையன்று விமானத்தின் தொட்டியில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். சோதிக்க வந்த சீனிவாசராகவன் வயலோரம் குடையோடு நின்றார். பக்கத்தில் ஜூலியா. யூகலிப்டஸ் மரங்களுக்கு முன்னால் திரும்பும்போது இடது இறக்கை சரிந்தது. ஜூலியா வாய்க்குள் சொன்னாள். மூக்கு தரையை நோக்கி இறங்கியது. கேழ்வரகு படுத்தது. விமானம் வேகம் பிடித்து எழுந்தது. சீனிவாசராகவனின் குடை தரையில் கிடந்தது.

அகலமாகத் திரும்பச் சொல்லி அவனை மறுபடி அனுப்பினார். இம்முறை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

கொட்டகையில் டீ வந்து, பேச்சில் ஆறியது.

"மொதல்ல சரிஞ்சப்ப, பழகித் தள்ளினியா, பயத்துல கை அங்க போச்சா? அது எனக்குத் தெரியணும்பா."

லாயிட்டுக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னான்.

மேசை ஆடியது. அவன் கிளாஸ் விளிம்புக்கு நகர்ந்தது.

"விழுது" என்றாள் ஜூலியா.

யாராக இருந்தாலும் பிடித்திருப்பார்கள். லாயிட் தள்ளினான். டீ முழுவதும் சீனிவாசராகவனின் வெள்ளைக் கால்சட்டையில்.

ஜூலியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் கால்சட்டையைப் பார்த்தார். இன்னும் நீட்டியபடியே இருந்த லாயிட்டின் கையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வா" என்றார். "டீ மட்டும் தனியா குடி."