மூன்று புள்ளி

எங்கள் அத்தானுக்கு ஆபீசில் 'புள்ளி' என்று பெயர். ஏதோ பெரும்புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலை பார்ப்பது ஒரு வீடியோ சேனலில். விபத்து, சண்டை, குழாய் உடைப்பு என்று ஊரில் நடக்கிறதையெல்லாம் மற்றவர்கள் படம் பிடித்து வருவார்கள், அத்தான் அதற்குத் தலைப்பு வைப்பார். தலைப்பை முடிக்கவே மாட்டார், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 'நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு டாக்டர் செய்த...' என்று மூன்று புள்ளியை வைத்துவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். வீடியோவைத் திறந்து பார்த்தால் டாக்டர் பஞ்சரான டயரை மாற்றிக்கொண்டிருப்பார். நீங்கள் திறந்தாயிற்று, அவருக்கு அது போதும்.

நான் அவருடைய மச்சினி. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அக்கா வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் அங்கேயே பெட்டியை இறக்கிவிட்டேன். மாடியில் நாங்கள் நாலு பேர்: அக்கா, அத்தான், நான், அப்புறம் மூன்று மாதமே ஆன எங்கள் பூசணி. கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து எங்கே என்று தேட வேண்டிய குழந்தை. அவளுக்குப் பூசணியைத் தவிர வேறு பெயர் யார் வாயிலும் வரவில்லை.

"என்ன ஊசி, இன்னிக்கு எத்தன பேரக் குத்துன?" என்பார் அத்தான், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"நீங்க எத்தன பேர ஏமாத்துனீங்க, அத சொல்லுங்க மொதல்ல."

"நான் எங்க ஏமாத்துறேன்? முழுசாச் சொல்லல, அவ்வளவுதான். சொல்லாதது பொய்யாகுமா?"

"ரெண்டு பேரும் கைய கழுவிட்டு வந்து உக்காருங்க, போதும் உங்க பட்டிமன்றம்" என்று அக்கா சமையலறையிலிருந்து கத்துவாள்.

இவ்வளவு பேசுகிற அத்தான், பூசணிக்கு ஒரு ஊசியைக் கூடத் தள்ளிப் போட்டதில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவரே தூக்கிக்கொண்டு வருவார். நான் தொடையைத் துடைக்கும்போதே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பூசணி அழுது முடித்து என்னைப் பார்த்துச் சிரித்த பிறகும் இவருக்குக் கண் ஈரமாகவே இருக்கும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நாங்கள் சொன்னால் பாதி பேர் நைசாக நழுவிவிடுவார்கள். அத்தான் உட்காருவார். பக்கத்தில் இருப்பவர்களையும், "உக்காருங்கம்மா, உங்க புள்ளைக்குத்தான சொல்றாங்க" என்று பிடித்து உட்கார வைப்பார்.

அந்த மனிதர்தான் அந்தத் தலைப்பையும் வைத்தார்.

நடந்தது இதுதான். சைக்கிள் கடைக்காரருடைய குழந்தைக்கு நான் ஊசி போட்டேன். சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் சரசரவென்று ஏறியதும் வலிப்பு வந்துவிட்டது. ஊசியால் வந்த காய்ச்சல்தான், நான் ஒன்றும் பூசி மெழுகப் போவதில்லை. எங்கேயோ ஒரு குழந்தைக்கு அப்படி வரும். பார்க்கிறவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனால் நின்றுவிடும், குழந்தைக்கு எதையும் மிச்சம் வைத்துவிட்டுப் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றும்விட்டது. காலையில் அந்தக் குழந்தை கட்டிலில் உட்கார்ந்து டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நானே போய்ப் பார்த்தேன்.

ஆனால் அத்தானுடைய சேனல் ஆட்கள் முந்தின நாள் சாயங்காலமே போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையின் அம்மா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததை எடுத்துவிட்டார்கள். அத்தான் தலைப்பு வைத்தார்: 'தடுப்பூசி போட்ட அன்றே குழந்தைக்கு...'

அவ்வளவுதான். இரண்டே நாளில், அந்தச் சேனல் ஆரம்பித்ததிலிருந்து எந்த வீடியோவும் ஓடாத ஓட்டம் ஓடியது. நான் அவர் ஆபீசுக்கே போய்விட்டேன். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு ஹால். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும், ஏசி ஒழுகுகிற தண்ணீருக்கு மூலையில் ஒரு பக்கெட் வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்தால் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா ஊசி, ஒரு துண்டு எடுத்துக்கோ."

"அந்தக் குழந்த நல்லா இருக்கு அத்தான்."

"சந்தோஷம்."

"பாக்குறவங்க எல்லாம் செத்துப்போச்சுன்னு நெனைக்கிறாங்க. வீடியோவுக்குக் கீழ வந்திருக்கிற கமெண்ட்டப் படிச்சீங்களா? ஆழ்ந்த அனுதாபம் போட்டுட்டு இருக்காங்க!"

"செத்துச்சுன்னு நான் எழுதுனேனா? காட்டு பாப்போம்."

"பூசணிய நீங்களேதான தூக்கிட்டு வந்தீங்க? எந்த ஊசியவாச்சும் விட்டீங்களா?"

குரலை இறக்கி, கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். "அது வீடு, இது வேல. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"அப்ப கொழந்த நல்லா இருக்குன்னு இன்னொரு வீடியோ போடுங்க."

போட்டார். நான் நச்சரித்த நச்சரிப்பில் போட்டார். 'குழந்தை நலமுடன் வீடு திரும்பியது' என்று முழு வாக்கியம். அதை எங்கள் வீட்டு ஆட்களும் சைக்கிள் கடைக்காரர் சொந்தக்காரர்களும்தான் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

"பாத்தியா?" என்றார் அத்தான். "நல்லா இருக்குன்னு சொன்னா எவன் பாக்குறான்?"

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் சுகாதார நிலையத்தில் ஈ ஓட்டினோம். ஊசி மருந்து இருக்கிற ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் பெரிய சிஸ்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேட் வரை வந்த ஒரு அம்மா போனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். பெரிய சிஸ்டர், "வீட்டுக்கு வீடு போ. சின்ன வயசுதான, ஓடு" என்றார். எனக்கா சொல்ல வேண்டும்? கால் தேய ஓடினேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழேயே டெய்லரக்கா இருந்தார். முன் அறையில் இரண்டு மெஷின், பின் அறையில் குடித்தனம். அவருடைய பையனை வாண்டு என்று கூப்பிடுவோம். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில்தான் அவனுக்கு ராஜ்ஜியம். அவனுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"டெய்லரக்கா, நாளைக்கு வாண்டுவத் தூக்கிட்டு வந்துருங்க. தட்டம்மைக்குப் போடணும்."

அவர் மெஷினை நிறுத்தவில்லை. "வேணாம் தங்கச்சி."

"ஏன்க்கா? ரெண்டு நாள் காய்ச்சல் வந்தாலும் வரும், அதோட சரி. அந்த நோய் வந்தாத்தான் ஆபத்து."

"உங்க அத்தான்தான அந்த வீடியோவப் போட்டது? அண்ணன் படிச்சவரு, நாலு எடம் போய் வர்றவரு, அவருக்குத் தெரியாமயா போட்டிருப்பாரு? நீ வேல மெனக்கெட்டு வந்து சொல்ற, அது உன் கடமை. நான் தப்பாச் சொல்லல."

எனக்குப் பயமாகிவிட்டது. வாண்டுவுக்காக மட்டுமில்லை. தட்டம்மை ஊசியை எங்கள் நிலையத்தில் ஒன்பது மாதத்தில்தான் போடுவோம். பூசணிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதுவரைக்கும் அவளுக்கு ஊசி கிடையாது. சுற்றியிருக்கிற பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான் அவளுக்கும் காவல். அந்தக் காவலில் வீட்டுக்குக் கீழேயே ஒரு ஓட்டை.

அன்றைக்கே அத்தானிடம் சொன்னேன். "நீங்க ஒரே ஒரு தடவ கீழ எறங்கிப் போய், 'என் புள்ளைக்கு இதுவரைக்கும் எந்த ஊசியையும் விடல, நீங்களும் போடுங்க'ன்னு சொல்லுங்க. உங்க வார்த்தைக்குத்தான் அங்க மதிப்பு."

"என் வீடியோவ நானே போய் மறுத்துச் சொல்லவா? அந்தக்கா கடைக்கு ஊரே வருது. நாளைக்கே எங்க ஆபீஸ் வரைக்கும் போயிரும். எங்க மொதலாளி என்னையத் தூக்கி வெளிய போட்டுருவாரு."

"பூசணிக்காகச் சொல்லுங்க, ஏங்க" என்றாள் அக்கா.

"சரி, சரி. ஞாயித்துக்கெழம பேசுறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. படியில் டெய்லரக்காவைப் பார்த்தால், "என்னக்கா, தொழில் எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்துவிடுவார். நான் வாரா வாரம் கீழே போனேன். டெய்லரக்கா எனக்கு டீ கொடுத்தார், என் பேன்ட்டுக்கு ஓசியில் ஜிப் மாற்றிக் கொடுத்தார், ஊசிக்கு மட்டும் தலையாட்டவில்லை.

பூசணி உட்காரப் பழகியிருந்தாள். 'ப்பா, ப்பா' என்று எச்சில் தெறிக்கச் சொல்வாள். ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எங்கள் பகுதியில் தட்டம்மை தலைகாட்டியது. முதலில் மார்க்கெட் பக்கம் ஒரு வீடு, பிறகு ஒரு தெருவே. நான் வேலை முடிந்து மூச்சிரைக்க வந்து, "பூசணிய எங்கயும் வெளிய தூக்கிட்டுப் போகாத" என்று அக்காவிடம் சொன்னேன்.

"நான் எங்க போறேன்? போன வாரம் கீழ டெய்லரக்கா கடைக்குப் போனதுதான். அளவு குடுக்க."

"வாண்டு எப்படி இருந்தான்?"

"அவன் சளியோட மேசைக்கு அடியில படுத்திருந்தான். கண்ணெல்லாம் செவந்து கெடந்தது. பூசணிய அவன் கிட்டக்கூட விடல."

கிட்ட விட வேண்டியதே இல்லை. அந்த நோய்க்காரன் இருமிவிட்டு எழுந்து போன அறையில் அப்புறம் போய் உட்கார்ந்தாலே போதும். கீழே ஓடினேன். வாண்டுவின் காதுக்குப் பின்னால் ஆரம்பித்து முதுகு முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. தொற்றிய முதல் சில நாளுக்குள் தெரிந்திருந்தால் பூசணிக்குக் கொடுக்க மருந்து இருந்தது. அந்த நாட்கள் போன பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது.

அதற்கடுத்து வந்ததை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பூசணிக்குக் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் சிவப்பு. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே உள்ளே போனது. காதில் சீழ் வந்தது. ஆஸ்பத்திரியில் தட்டம்மைப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கிய வார்டில், ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். அந்த உப்பின கன்னம் இருந்த இடமே தெரியவில்லை.

வாண்டுவுக்கும் மூச்சு வாங்கி, பக்கத்துக் கட்டிலுக்கே வந்துவிட்டான். அவன் சீக்கிரமே தேறி ரொட்டி கேட்க ஆரம்பித்தான். டெய்லரக்காதான் அவனைப் பார்க்காமல் எங்கள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் நான் போடாம விட்டேன்."

அத்தான் ஆக்சிஜன் குழாயைப் பார்த்தபடியே, "நான் போடாதீங்கன்னு சொல்லவே இல்லையேக்கா" என்றார்.

அந்த வார்டில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெய்லரக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூசணியைப் பார்த்தார். பிறகு, "உங்க புள்ளைக்கு மத்த ஊசியெல்லாம் போட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

அத்தான் பூசணியின் போர்வையை இழுத்துவிட்டார்.

"போட்டாச்சுக்கா" என்றாள் அக்கா. "ஒண்ணு விடாம. அவருதான் தூக்கிட்டுப் போவாரு."

டெய்லரக்கா அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஒரு வார்த்த கீழ வந்து சொல்லியிருக்கலாமேண்ணே. படிதான நடுவுல?" என்று சொல்லிவிட்டு மகன் கட்டிலுக்குத் திரும்பிப் போனார். அத்தான் முகத்தில் அப்போது எதையாவது பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பூசணி பிழைத்துவிட்டாள். வீட்டுக்குத் தூக்கி வந்தோம். என் வேலையிடத்தில் தட்டம்மைக்குப் பயந்து மறுபடியும் கூட்டம், வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. முன்பு கேட்டோடு திரும்பிப் போன அம்மாவும் நின்றிருந்தார். எனக்குக் குதூகலமாக இருந்திருக்க வேண்டும். 'இத்தன நாளு எங்க போனீங்க' என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. கேட்காமல் குத்திக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அத்தானுக்குப் பழைய பேச்சு திரும்பியிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பெரிய தட்டு விழுந்து நங்கென்று சத்தம் போட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூசணி பொம்மையின் காதைச் சப்பிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா ஊசி, எங்க ஆளு எதுக்கும் அசர மாட்டா. ஆஸ்பத்திரியே பாத்தவளாச்சே!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தட்டை எடுப்பதற்காகக் குனிந்தவள் நிமிரவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எனக்கு முன்னாலேயே கவனித்திருக்கிறாள். யாரும் இல்லாத நேரத்தில் குழந்தைக்குப் பின்னால் போய்க் கை தட்டிக்கூடப் பார்த்திருப்பாள்.

காது டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு, தட்டம்மை சீழோடு போகவில்லை, உள்ளே காது நரம்பே பழுதாகிவிட்டது, இரண்டு பக்கமும் என்றார். காதுக்கு மெஷின் வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அத்தான் திரும்பித் திரும்பி, "தூக்கக் கலக்கத்துல இருந்தா சார். அதனால இருக்குமோ?" என்று கேட்டார். டாக்டர் பொறுமையாக, "தூங்கும்போது எடுக்குற டெஸ்ட்தான் சார் இது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பூசணியை மடியில் வைத்துக் கூழ் ஊட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். பூசணி அந்த வாயையே பார்த்துக்கொண்டு தானும் திறந்தாள்.

அத்தான் வாசல்படியிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூசணி" என்றார். பூசணியின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. "பூசணிக்குட்டி. இங்க பாரு. அப்பா கூப்பிடுறேன்."

கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

அக்கா கரண்டியில் அடுத்த வாய் எடுத்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"முன்னாடி வந்து கூப்பிடுங்க" என்றாள்.