கோட்டோடு ஓடிய ஊசி

பம்ப் மூடிகள் ஒழுகித் தொழிற்சாலைக்கே திரும்பி வந்ததற்கு முழுமுதற் காரணம் பரிசோதகர்தான். சொரசொரப்பை அளக்கும் ஊசியை, கடைசல் இயந்திரத்தின் வெட்டுளி மூடியில் விட்ட கோடுகளுக்குக் குறுக்கே ஓட்டவேண்டும். பெரிய நிபுணரான அவரோ அவசரத்தில் கோட்டோடு கோடாக ஓட்டிவிட்டார். ஊசி ஒரே பள்ளத்துக்குள் சொகுசாகப் போய்வந்து, வழவழப்பு என்று சாட்சி சொன்னது. முதல் மூடிக்கு அவர் தலையாட்டியதை நம்பித்தான் அவருடைய அக்கா கணவர் மிச்சத்தையும் வெட்டினார்.

பழி அத்தான் தலையில் விழுந்தது. இயந்திரத்தைப் பிடுங்கி, அவரைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பரிசோதகர் அதைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

“நான்தான் தப்பா அளந்தேன்னு சொல்லிட்டேன் அத்தான். நாளைக்கே உங்க மெஷின் உங்களுக்குத்தானாம்.”

“சரி, உட்காரு. காபி குடிக்கிறியா?”

“என்மேல கோபமா?”

“சர்க்கரை போதுமா பாரு.”

அக்காவுக்கே பொறுக்கவில்லை. “கேக்கிறான்ல, பட்டுன்னு சொல்லுங்களேன்.”

அத்தான் தம்ளரைக் கீழே வைத்தார்.

“கோபம்தான் மாப்ள. தப்பா அளந்ததுக்கு இல்ல. ஒரு வாரமா நான் பெட்டி தூக்கினதைப் பார்த்துட்டே நின்ன பாரு, அதுக்கு.”