மேற்கு மூலையில் ஒரு பாதை

...அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, கூடப்பிறந்த அண்ணன்தானே, டேப்பும் கையுமாக, ஊர்ச் சனத்தை அடக்குகிற மையவாடி முழுக்க நடந்து அளந்து கொடுத்தவன்தானே இந்த சல்மான், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்... ராஜபாளையத்தில், அந்த மையவாடிக்குப் போட்ட வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்த கையோடு போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள் நாஜியா, பெருமைதான், வேறென்ன, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுகலைக்கு நாளை சென்னையில் கடைசி மதிப்பீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான். "ஏட்டி, அந்த மேற்கு மூலைப் பாதை அம்மா மேலல்லா போவுது?" அங்கே வெறும் தும்பைச்செடிதான் என்று சொன்னது யார்? "கல்லு சாஞ்சு மண்ணுக்குள்ள போயிட்டு. நீ மரத்தத்தான கேட்ட?"

மரத்தைத்தான் கேட்டாள். மையவாடி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, வேம்பு எம்புட்டு சுற்றளவு, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று தொண்டை வறளக் கத்தினாளே, அம்மா எங்கே என்று கேட்க ஏன் வாய் வரவில்லை? பெண்பிள்ளைகள் உள்ளே போகிற வழக்கமில்லை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அம்மாவின் உடலைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது இவளைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள், அதோடு சரி... அதற்குத்தானே இந்தப் பாதை, மதிலோரமாகப் பெண்கள் வந்து, செத்த நேரம் நின்று, துஆ கேட்டுவிட்டுப் போகட்டும் என்று... பேராசிரியை இதைத்தானே மெச்சினார், ஜமாத் தலைவர்கூட முகம் சுளிக்காமல் "பாப்போம்மா" என்றாரே, இதை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சம் என்ன, நாலு மரமும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான்... அட பாவி மகளே, இத்தனை நாளும் பெற்றவள் மேல் அல்லவா கல் பதித்துக்கொண்டிருந்தாய்.

சரி, அழுது ஆகப்போவதென்ன, கொஞ்சம் நகர்த்தினால் போச்சு, சென்னை வண்டியிலேயே லேப்டாப்பைத் திறந்து மாற்றிவிடலாம், வேம்புப் பக்கமாகத் தள்ளினால்... திரும்பவும் போன் போட்டாள். "அண்ணே, வேம்புக்குக் கிழக்கால யாரும் இருக்காவளா?"

"எதுத்த வீட்டு ஜாஸ்மினோட அம்மா."

"வடக்கால?"

"யாருன்னு தெரியல. ஆனா ஆள் உண்டு."

கண்டக்டர் மடவார் வளாகம் என்று கத்தினார், யாரோ இறங்கினார்கள், பஸ் கிளம்பியது. மடியில் கிடந்த தாளைப் பிரித்தாள், காலியிடம், காலியிடம் என்று தன் கையாலேயே எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள்... யாரென்று தெரியாத அந்த ஆளுக்கும் ஒரு மகள் இருந்தால், அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?